அரைச் சக்கரக் கணக்கு

2025 ஜூன் மாதம், மூன்றாவது வாரம். திங்கள்சந்தையில் விடிந்தது முதல் மழை. பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி. அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது.

"தம்பி, 22 யூரோ குறைகிறதாம்."

அக்கா மகள் ஜெர்மனியில் முதுகலை படிக்க இடம் வாங்கியிருந்தாள். அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும். ஆனால் விசா வேண்டுமென்றால், ஓராண்டு அங்கே சாப்பிட்டுத் தங்கப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். அதற்காக அவள் பெயரில் ஒரு 'பிளாக்டு அக்கவுண்ட்' திறந்து 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் அவள் எடுத்துக்கொள்ளலாம். தொகை முழுதாக வந்தால்தான் விசாவுக்கு உரிய சான்றிதழ் தருவார்கள். ஒரு யூரோ குறைந்தாலும் கிடையாது.

அருமனைப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு துண்டை விற்றுத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்தார்கள். அக்கா கையெழுத்திட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வங்கிக் கிளையிலிருந்து சரியாக 11,904 யூரோ அனுப்பினோம். அங்கே போய்ச் சேர்ந்தது 11,882.

அந்த வங்கியைத் தேர்ந்தெடுத்தவன் நான். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், இந்தப் பொறுப்பை அக்காவும் அத்தானும் என்னிடம் விட்டிருந்தார்கள். மூன்று இடங்களில் கட்டணம் கேட்டேன். கிளையில் கமிஷன் 500 ரூபாய், செய்தி அனுப்பும் செலவு 500 ரூபாய். ஒரு தனியார் வங்கியின் செயலியில் 1,000. நாகர்கோவில் மணிமேடைக்கு அருகில் இருக்கும் அந்நியச் செலாவணி நிறுவனத்தில் 1,500. எல்லாவற்றுக்கும் மேல் வரி வேறு. மூன்றையும் தாளில் எழுதி ஒப்பிட்டேன். கிளை தெரிந்த இடம், கட்டணமும் கூடுதல் இல்லை என்று அங்கே போனோம். நான் ஒப்பிட்டது தவறான எண்களை. இதைப் படிப்பவர் வீட்டிலும் நாளை ஒரு பிள்ளை வெளிநாடு போகலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 22 யூரோவைப் பற்றிச் சொல்கிறேன்.

வங்கியில் பணம் கட்டினால் அது நேராகப் பறந்து ஜெர்மனிக்குப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அப்படி இல்லை. வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் என்ற அமைப்பு, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973இல் தொடங்கப்பட்டது. அதன் வழியாகப் போவது பணம் அல்ல, செய்தி மட்டும்தான். "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்கிறது. நம் ஊர் வங்கி ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய வங்கியில் யூரோ கணக்கு வைத்திருக்கும். அந்த இடை வங்கி அதிலிருந்து எடுத்து, கடைசியாகப் பணம் சேர வேண்டிய வங்கிக்குத் தள்ளிவிடும். வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் கூலியை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கூலி யார் தலையில் விழ வேண்டும் என்பதற்குப் படிவத்திலேயே மூன்று கட்டங்கள் உண்டு. 'அவர்' (OUR) என்று போட்டிருந்தால் அனுப்புகிறவரே எல்லாச் செலவையும் ஏற்கிறார். 'ஷா' (SHA) என்றால் இங்குள்ள செலவு நமக்கு, வழியில் பிடிப்பது பெறுகிறவருக்கு. 'பென்' (BEN) என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். எங்கள் படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டிருந்தது. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் கிளைக்குப் போனோம். "அது நாங்கள் பிடித்த பணம் இல்லை சார்" என்றார் அலுவலர். உண்மைதான். ஆனால் எங்களுக்கு வேண்டியது 22 யூரோ. அதை அனுப்ப மறுபடி கமிஷன், மறுபடி செய்திச் செலவு, மறுபடி வழியில் பிடித்தம். 22 அனுப்பினால் அதில் ஏதாவது மிஞ்சுமா என்றே தெரியவில்லை. கடைசியில் 50 யூரோவாக அனுப்பினோம். சான்றிதழ் கைக்கு வர ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. அந்த ஒன்பது இரவும் அக்கா சரியாகத் தூங்கவில்லை. விசா நேர்காணல் தேதி தவறிவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசீதுகளைப் பரப்பிவைத்துக் கணக்குப் பார்த்தேன். அப்போதுதான் உண்மையான இழப்பு தெரிந்தது. அதற்கு முன்னால் அந்த 22 யூரோ ஒரு பொருட்டே இல்லை.

பணம் அனுப்பிய அன்று சந்தையில் ஒரு யூரோவின் நடு விலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ளது, ஏறத்தாழ 98 ரூபாய். கிளை எங்களுக்குப் போட்ட விலை 100 ரூபாய் 20 காசு. தனியார் வங்கிச் செயலியில் அன்று 99 ரூபாய் 30 காசு. மணிமேடை நிறுவனம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலையை நான் அன்று பிரித்துப் பார்க்கவே இல்லை. 98 ரூபாய் 70 காசு. கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்திருந்தேன்.

கிளையில் யூரோ ஒன்றுக்கு நடு விலைக்கு மேல் 2 ரூபாய் 20 காசு. 11,904ஆல் பெருக்கினால் 26,188 ரூபாய். எந்த ரசீதிலும் கட்டணம் என்ற தலைப்பில் அது வரவில்லை. 1,500 ரூபாய் கேட்டதால் நான் ஒதுக்கிய இடத்தில் அனுப்பியிருந்தால் கட்டணம், வரி எல்லாம் போக 17,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். ரப்பர் வெட்டும் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் கூலி என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று இரவு பாட்டியின் நினைவு வந்தது. அப்பாவின் அம்மா. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அந்தச் சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும், அதாவது இருபத்தெட்டரை. தாத்தா மாட்டு வண்டியில் தேங்காயும் பாக்கும் ஏற்றி ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் பணகுடி, வள்ளியூர் பக்கம் போய் விற்றுவருவார். அங்கே கிடைப்பது பிரிட்டிஷ் ரூபாய். திரும்பி வந்ததும் பாட்டி அதை முறத்தில் கொட்டி எண்ணுவாளாம். ரூபாயை ரூபாயாகவே மாற்றிக்கொண்டு வந்த நாளில், "ஒவ்வொன்றிலும் அரைச் சக்கரம் எங்கே?" என்று கேட்பாளாம். பள்ளிக்கூடம் போகாதவள்.

இருபத்தெட்டரையில் அரை என்பது ஏறத்தாழ ஒன்றே முக்கால் சதவீதம். 98 ரூபாயில் 1 ரூபாய் 72 காசு. எங்களிடம் போனது 2 ரூபாய் 20 காசு. பாட்டி முறத்தில் தேடியதைவிடக் கூடுதல்.

அம்மாவின் மரப்பெட்டியில் அப்பாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று இன்னும் இருக்கிறது. 1981 முதல் சவுதியில் உள்ள தம்மாமில் தச்சு வேலை செய்தவர். அந்தக் காலத்தில் டிராஃப்ட் எடுத்து பதிவுத் தபாலில் அனுப்புவார், அல்லது ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். தபால் வர மூன்று வாரம், வங்கியில் பணமாக மேலும் சில வாரம். அம்மா டிராஃப்ட் வந்ததும், பணம் கைக்கு வந்ததும் கடிதம் எழுதுவாள். அப்பா அதைப் பார்த்து நோட்டில் ஏற்றுவார். ஒரு பக்கத்தில் 1987இல் எழுதியது: 500 ரியால் கொடுத்தேன், வீட்டில் 1,690 ரூபாய் கிடைத்தது. பக்கம் பக்கமாக இப்படியே. கட்டணம் என்று எங்கும் எழுதவில்லை, அன்றைய விலை என்றும் எழுதவில்லை. கொடுத்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டே எண்கள். அடுத்த முறை வேறு எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டையும் வைத்தே முடிவுசெய்திருக்கிறார். அந்த நோட்டை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். படித்ததில்லை.

உலக வங்கி 200 டாலர் அனுப்ப என்ன செலவாகிறது என்று பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துவருகிறது. அதிலும் கட்டணத்தோடு விலை வித்தியாசத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. 'கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். யாரும் சும்மா வேலை செய்வதில்லை. கூலியை விலைக்குள் வைத்திருக்கிறார்கள். நடு விலை என்ன என்று தெரிந்துகொள்வதும் கடினமில்லை. எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு ஒவ்வொரு வேலை நாளிலும் டாலர், யூரோ, பவுண்டு, யென் போன்றவற்றுக்கு ரூபாயில் அடிப்படை விலையை வெளியிடுகிறது. உங்களுக்குச் சொல்லப்படும் விலையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்.

வரி விஷயத்தில் மட்டும் நாங்கள் தப்பினோம். அதுவும் மயிரிழையில்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பான் அட்டை வேண்டும், ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. கிளையில் இருந்தவர் வழக்கம்போல எஸ்1301 என்று எழுதப்போனார். அது குடும்பப் பராமரிப்பு. பெரும்பாலும் அதற்காகத்தான் அங்கே அனுப்புகிறார்கள்; அவர் கை அதற்கே பழகியிருந்தது. மருமகள் தன் அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டி, "அங்கிள், இது படிப்புக்கு" என்றாள். எஸ்0305 ஆனது. கல்விக்காகத் தங்கிச் சாப்பிடும் செலவும் கல்விச் செலவாகவே கருதப்படும் என்று வருமான வரித் துறை 2023லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

அந்த ஒரு குறியீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல், ஒருவர் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மிஞ்சும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்ற முன்வரியைப் பிடிக்கிறது. நாங்கள் அனுப்பிய நேரத்தில் கல்விக்கு 5 சதவீதம், பராமரிப்புக்கு 20 சதவீதம். எங்கள் தொகை 11,92,781 ரூபாய். மிஞ்சிய 1,92,781க்கு 5 சதவீதம் 9,639. குறியீடு மாறியிருந்தால் 38,556. பிறகு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்பது சரிதான். ஆனால் தோட்டம் விற்ற குடும்பத்துக்கு அந்தத் தொகை பல மாதம் கைக்கு எட்டாமல் கிடப்பது சின்ன விஷயமா? இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறவை. அனுப்புகிற மாதத்தில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 9,639ஐயும் தவிர்த்திருக்கலாம். 10 லட்சம் என்பது ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. அக்காவும் அத்தானும் அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பணத்தைப் பாதிப் பாதியாக அனுப்பியிருந்தால் முன்வரியே வந்திருக்காது. கமிஷனும் செய்திச் செலவும் இரண்டு முறை ஆகும். பெறும் கணக்கு இரண்டு தவணையை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கியில் கல்விக்கடன் வாங்கி அனுப்புகிறவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குப் பிறகு இந்த முன்வரியே கிடையாது. இதைத் தவிர அந்நிய நாணயம் மாற்றுவதற்கு ஜிஎஸ்டி ஒன்று இருக்கிறது. அது எங்கே அனுப்பினாலும் ஒரே சூத்திரம்தான். எங்கள் தொகைக்கு ஏறத்தாழ 1,025 ரூபாய் வந்தது. அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

இவ்வளவும் பெரிய தொகையின் கதை. சிறிய தொகை வேறு மாதிரி.

ஆகஸ்டில், என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா கடியபட்டணத்திலிருந்து வந்தார். கணவர் பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போனவர். விசைப்படகு முதலாளியோடு தகராறு, நான்கு மாதச் சம்பளம் இல்லை, ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்குக் காசு இல்லை. "சார், 20,000 ரூபாய் அனுப்ப வேண்டும். சந்தையில் வெஸ்டர்ன் யூனியன் பலகை போட்ட கடைக்குப் போனேன், முடியாது என்கிறார்கள்" என்றார். அந்தக் கடைகள் செய்வது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கொடுப்பது. ரிசர்வ் வங்கியின் அந்தத் திட்டத்தில் உள்ளே வரத்தான் வழி, வெளியே போக வழியில்லை. நாற்பது ஆண்டுகளாக நம் கடற்கரைக்குப் பணம் ஒரு திசையில்தான் வந்துகொண்டிருந்தது. எல்லாப் பலகையும் அந்தத் திசையைப் பார்த்தே மாட்டப்பட்டவை.

வங்கி வழியாக அனுப்பினால் கமிஷன், செய்திச் செலவு, வழியில் பிடிப்பது எல்லாம் சேர்த்து 1,500 ரூபாயாவது போகும். 20,000இல் அது ஏழரை சதவீதம். இங்கே விலை வித்தியாசத்தைவிட நிலையான கட்டணமே கொல்லும். யோசித்துப் பார்த்ததில் அனுப்பவே வேண்டியதில்லை என்று தோன்றியது. நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் அவர் பெயருக்கே மனாமாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தோம். ரூபாயில் கட்டியது, ரூபாயிலேயே முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இங்கே என்.ஆர்.இ. கணக்கு இருந்தால் இன்னும் எளிது. அதில் கிடப்பது அவர் அனுப்பிய பணம். அதை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நான் மேலே சொன்ன உச்சவரம்போ முன்வரியோ அதற்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து யுபிஐ வழியாகவே, அங்கே யுபிஐ போல இருக்கும் பேநவ் கணக்குக்கு அனுப்ப வசதி இருக்கிறது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை. சிறு தொகைக்கு அதை முதலில் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் ஒருவர் உண்டியல் வழியையும் சொல்லியிருந்தார். இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே ஒருவர் தினாரைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ரசீது இல்லை, கட்டணம் இல்லை. நம் ஊரில் இது புதிதல்ல. வங்கிக் கணக்கே இல்லாத காலத்தில், கதவைத் தட்டிப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களை நம்பி வீடு கட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அந்த வழியில் போனால், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க முடியும். பணம் போய்ச் சேராவிட்டால் எங்கும் போய்ச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே சம்பளத்தை இழந்த குடும்பம் அது. வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அக்டோபரில் மருமகளுக்கு மறுபடி பணம் தேவைப்பட்டது. கிடைத்த அறைக்கு முன்பணம் 1,200 யூரோ. இந்த முறை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சந்தை திறந்து சற்று நேரம் கழித்து, மூன்று இடத்துக்கும் ஒரே மணிக்குள் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டால், திங்களன்று விலை ஏறிவிடுமோ என்ற அச்சத்தையும் சேர்த்து விலை சொல்வார்கள். கட்டணம் என்ன, விலை என்ன என்று எதையும் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: "அங்கே 1,200 யூரோ ஒரு சென்ட் குறையாமல் போய்ச் சேர வேண்டும். வழியில் யார் எதைப் பிடித்தாலும் அது உங்கள் பொறுப்பு. வரி எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் எடுப்பீர்கள்? எழுதி அனுப்புங்கள்."

இரண்டு இடத்திலிருந்து எழுத்தில் வந்தது. ஒரு இடத்தில், "அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார், கட்டணம் குறைவுதான்" என்றார்கள். அவர்களை விட்டுவிட்டேன். வந்த இரண்டில் குறைவாகச் சொன்ன நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அக்கா பெயரிலேயே அனுப்பினோம். படிவத்தில் குறி போட்ட கட்டத்தை இருவரும் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டாள்.

வியாழக்கிழமை மாலை செய்தி வந்தது. "மாமா, 1,200ம் வந்துவிட்டது."

அப்பாவின் நோட்டில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்குக் கீழே இடம் இருந்தது. அம்மா மரப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்து, "எழுது மக்களே" என்றாள். இந்தப் பக்கம் எடுத்த ரூபாயையும் அந்தப் பக்கம் சேர்ந்த யூரோவையும் எழுதினேன்.